கூழும் சுஷியும்

சாப்பாட்டைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவது கௌரவக் குறைவு என்று நினைக்கும் பெரியோர்கள் நம் நாட்டில் பலர் உண்டு. அவர்களைப் பற்றி நாம் விசாரித்து வைத்திருக்கிறோம். இலை போடுவதற்குக் கால் மணி நேரம் தாமதமானால் வீட்டை இரண்டுபடுத்துகிறவர்கள் பெரும்பாலும் அவர்களேதான்! ஆகவே அவர்களிடம் அதிகமாகப் பயப்படாமல் விஷயத்துக்கு வருகிறோம்.

சங்கீத ரசிகர்கள் சபை சபையாகச் சென்று கச்சேரி கேட்பது போல, ஊர் ஊராகச் சென்று ஹோட்டல் ஹோட்டலாக ஏறி இறங்கும் போஜன ரசிகர்கள் இக்காலத்தில் பெருகியிருக்கிறார்கள். இலையில் பதார்த்தம் விழுந்ததும் இவர்கள் கை கழுவுவதில்லை, கைத்தொலைபேசியை எடுக்கிறார்கள். நாலு திசையிலிருந்தும் படம் பிடித்து முடிந்த பிறகு, ஆறிப்போனதைச் சாப்பிட்டுவிட்டு, "சூடு போதாது" என்று அபிப்பிராயம் எழுதுகிறார்கள். இந்த ரசிகர்களுக்குச் சில வருஷங்களாக ஒரு புது மோகம் பிடித்திருக்கிறது. அதற்குப் பெயர் சுஷி.

சுஷி ஜப்பானியரின் பதார்த்தம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கங்களில் ஜப்பானியக் கம்பெனிகள் தொழிற்சாலைகள் நிறுவின. அவற்றில் வேலை பார்க்க வந்தவர்களுடன் அவர்களுடைய சாப்பாடும் சென்னைக்கு வந்து சேர்ந்தது. முதலில் அவர்களுக்காக மட்டும் அடுப்பு மூட்டிய கடைகளில், பிறகு நம்மவர்களும் நுழைந்து இடம் பிடித்துக்கொண்டார்கள். அடுத்தவர் இலையில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் குணம் நம்மிடம் பழைமையானது அல்லவா?

நாமும் ஒரு கடைக்குப் போய்ப் பார்த்தோம். நீண்ட மரப்பலகைக்கு அப்பால் சமையற்காரர் நிற்கிறார். இப்பால் நாம் உட்கார்ந்திருக்கிறோம். நடுவில் திரை ஒன்றும் இல்லை. அவர் கையை நனைத்துக்கொண்டு, காடியும் சர்க்கரையும் உப்பும் கலந்த சோற்றில் ஒரு பிடி எடுக்கிறார். இரண்டு மூன்று முறை அழுத்துகிறார். அதன்மேல் மெல்லியதாக அரிந்த மீன் துண்டு ஒன்றைப் படுக்க வைத்து, நம் முன்னால் வைத்துவிடுகிறார். பக்கத்தில் சுண்டைக்காய் அளவு பச்சை விழுது. சட்னி என்று நினைத்து அதை முழுவதும் வழித்து வாயில் போட்ட பக்கத்து நாற்காலிக்காரர், இரண்டு நிமிஷ நேரம் இவ்வுலகில் இல்லை. அது 'வசாபி' என்னும் செடியின் தண்டை அரைத்தது என்பார்கள். உண்மையில் பெரும்பாலான கடைகளில் கிடைப்பது கடுகு இனத்தைச் சேர்ந்த வேறொரு வேரை அரைத்துப் பச்சை வர்ணம் சேர்த்ததாகும். கலப்படம் நம் நாட்டுக்கு மட்டும் உரிய கலையன்று என்று தெரிந்து ஒருவாறு மனம் ஆறுதலடைந்தோம்.

ருசி எப்படி என்று கேட்பீர்கள். நன்றாகவே இருந்தது. சோற்றின் இலேசான புளிப்பும், மீனின் குளிர்ச்சியும் நாவில் ஒன்று சேர்ந்து உடனே மறைந்துவிட்டன. ஆனால் ருசியைக் காட்டிலும் நம்மை அதிகமாக வசீகரித்தது அந்தப் பதார்த்தத்தின் பூர்வோத்தரம்.

சுஷி என்றால் பச்சை மீன் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். ஆதியில் அப்படியில்லை. மீன் கெட்டுப்போகாமல் வைத்துக்கொள்வதற்கு ஏழைக் குடியானவர்கள் கண்டுபிடித்த உபாயமே சுஷி. மீனைச் சுத்தம் செய்து உப்பிட்டு, வெந்த சோற்றுக்குள் புதைத்து, மேலே பாரம் வைத்துவிடுவார்கள். சோறு மாதக் கணக்கில் புளிக்கும். அந்தப் புளிப்பு மீனைக் காப்பாற்றும். பிறகு மீனை மட்டும் தின்றுவிட்டுக் குழைந்துபோன சோற்றை எறிந்துவிடுவார்கள். ஜப்பானில் பிவா என்னும் பெரிய ஏரிக்கரையில் இன்றைக்கும் இந்த முறையில் மீன் புதைக்கிறார்கள். அதன் வாசனையை முதல் தடவை நுகர்ந்தவர்கள் மறப்பதில்லை என்று கேள்வி.

காலம் செல்லச் செல்ல, சோற்றை எறிவானேன் என்று தோன்றிற்று. அதையும் சேர்த்து உண்டார்கள். பிறகு புளிக்கும் வரையில் காத்திருப்பானேன் என்று தோன்றிற்று. காடியை ஊற்றி உடனடிப் புளிப்பு உண்டாக்கினார்கள். எடோ என்று அப்போது பெயர் வழங்கிய தோக்கியோ நகரில், 1820-களில், ஹனாயா யொஹெய் என்பவர் சோற்றைக் கையில் பிடித்து மேலே மீனை வைத்துத் தரும் முறையைப் பிரபலப்படுத்தினார் என்று சொல்வார்கள். அன்றைக்கு அது பெரிய மனிதர்களின் விருந்து அல்ல. தெருவோரத் தள்ளுகடையில், அவசரமாகப் போகிற தொழிலாளி நின்றபடியே கையால் எடுத்து வாயில் போட்டுக்கொண்ட பலகாரம்! 1923-ஆம் வருஷத்துப் பூகம்பத்தில் தோக்கியோ அழிந்தபோது, பிழைப்பை இழந்த சமையற்காரர்கள் சொந்த ஊர்களுக்குத் திரும்பினார்கள். சுஷியும் நாடெங்கும் பரவியது. 1958-இல் ஒஸாக்கா அருகில் ஷிராயிஷி என்பவர், ஓடும் பட்டையின்மேல் தட்டுகளை வைத்து அனுப்பும் கடையை ஆரம்பித்தார். ஏழை எளியவர்களும் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். 2013-இல் ஜப்பானியரின் உணவு மரபையே உலகத்தின் கலாசாரச் செல்வங்களில் ஒன்றாக யுனெஸ்கோ ஸ்தாபனம் பட்டியலில் சேர்த்தது. தள்ளுகடையில் தொடங்கிய யாத்திரை எங்கே போய் முடிந்தது பாருங்கள்!

*

"இதெல்லாம் சரி, இதற்கும் அருப்புக்கோட்டைக்கும் என்ன சம்பந்தம்?" என்று நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். பஸ் வசதி உண்டு.

மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் பெருஞ்சாலையில் இருக்கிறது அருப்புக்கோட்டை. கிழக்கே திருச்சுழி, நரிக்குடி, வடக்கே காரியாபட்டி, தெற்கே பந்தல்குடி. வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பியே உழுகிறார்கள். மழை பெய்தால் கண்மாய் நிறையும். பெய்யாவிட்டால் கண்மாயில் பையன்கள் பந்து விளையாடுவார்கள். குண்டாற்றுக்கு ஆறு என்று பெயர் வைத்த முன்னோர்கள் நல்ல நம்பிக்கையுள்ளவர்களாக இருந்திருக்க வேண்டும். கரிசல் மண்ணில் பருத்தி, மிளகாய், மல்லி, கம்பு, சோளம், குதிரைவாலி விளைகின்றன. ஊருக்குள்ளே நெசவாளர் தெருக்களில் தறிச் சத்தம். மல்லிகை அரும்புக்கும் இந்தப் பிரதேசம் பேர் போனது. ஊரின் பெயரே அதிலிருந்து வந்தது என்று உள்ளூரார் சொல்லிப் பெருமைப்படுவார்கள்.

இப்படிப்பட்ட வறண்ட சீமையில் சாப்பாட்டு ரசிகருக்கு என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். நமது அநுபவத்தில், தண்ணீர் குறைந்த ஊர்களில் ருசி குறைவதில்லை. விளைவது கொஞ்சமாக இருந்தால் அதைச் சமைக்கிற கைக்குச் சிரத்தை அதிகமாகிறது.

முதலில் காரச் சேவைச் சொல்லவேண்டும். சாத்தூர்ச் சேவுக்கு உள்ள கீர்த்தி தமிழ் நாட்டில் யாருக்கும் தெரியாததன்று. ஆனால் அந்தக் கீர்த்தியின் நிழல் சுற்று வட்டாரம் முழுவதும் விழுந்திருக்கிறது. கடலை மாவைப் பிசைந்து, கொதிக்கிற எண்ணெய்க்கு நேர் மேலே கண் கரண்டியைப் பிடித்து, உள்ளங்கையால் தேய்க்கிறார்கள். மாவு சொட்டுச் சொட்டாக அல்ல, நெளிந்து நெளிந்து விழவேண்டும். கை ஒரே அழுத்தமாகத் தேய்த்தால்தான் சேவு முழுவதும் ஒரே பதமாக வேகும். மிளகாயின் காரம் முதலில் தெரியக்கூடாது. மூன்றாவது பிடி உள்ளே போன பிறகு காதோரத்தில் தெரியவேண்டும். அப்போது ஒரு துண்டு கருப்பட்டி மிட்டாயைக் கடித்துக்கொள்வது இந்தப் பக்கத்து வைத்தியம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-லும், கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-லும் சர்க்கார் புவிசார் குறியீடு வழங்கியது. இரண்டு ஊர்களும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன என்று சொல்லமாட்டோம். ஆனால் வாசனை வரும் தூரந்தான்!

பொழுது சாய்ந்ததும் புரோட்டாக் கடைகளில் விளக்கு எரியும். இந்தப் பிரதேசத்தின் தனிச் சிறப்பு, விருதுநகரின் பெயரால் வழங்கும் எண்ணெய்ப் புரோட்டா. விருதுநகரில் பர்மாக் கடை என்ற பெயரைச் சொன்னால் அந்நிய ஊர்க்காரரும் தலையை ஆட்டுவார். பிசைந்து ஊறவைத்த மைதா உருண்டையை எண்ணெய் தடவிய பலகையில் தட்டி, இரண்டு கையாலும் தூக்கி வீசுகிறார் மாஸ்டர். உருண்டை சல்லாத் துணிபோல் விரிகிறது. நெசவாளர் ஊரில் அந்தக் காட்சி பொருத்தமாகவே இருக்கிறது! அதைச் சுருட்டி, சக்கரமாக்கி, தட்டி, நடுவில் குழிந்த அகலமான கல்லில் தளும்பும் எண்ணெயில் போடுகிறார். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே ஏடு ஏடாக மிருது. இலையில் போட்டு உதிர்த்து, மேலே சால்னாவை ஊற்றி, ஒரு நிமிஷம் பொறுக்கவேண்டும். அதற்கு மேல் பொறுத்தால் நொந்துபோய்விடும்.

சுஷிக் கடையில் மரப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது நமக்குப் புரோட்டாக் கடையின் ஞாபகம் வந்தது. புரோட்டாக் கடையில் உட்கார்ந்திருந்தபோது சுஷி மாஸ்டரின் ஞாபகம் வந்தது. இரண்டு இடத்திலும் திரையில்லை. நம் கண் முன்னாலேயே வேலை நடக்கிறது, கையிலிருந்து நேரே இலைக்கு வருகிறது, உடனே உண்ணவேண்டும். ஜப்பானில் சுஷி கற்க வருகிற பையனை மீனைத் தொடவிடாமல் வருஷக் கணக்கில் சோறு வடிக்கச் சொல்வது வழக்கமாம். நம் புரோட்டாக் கடையிலும், எடுபிடியாகச் சேர்ந்த பையன் கல்லுக்கு முன்னால் நிற்பதற்கு எத்தனையோ மூட்டை மாவு பிசைந்தாகவேண்டும். ஜப்பானியப் பையனைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார்கள். நம் பையனைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. வித்தியாசம் இவ்வளவுதான்.

இந்த வறண்ட பூமி வெளியூருக்கு அனுப்பிய முக்கியமான சரக்கு பருத்தியா, மிளகாயா என்று கேட்டால், சமையற்காரர்கள் என்று நாம் பதில் சொல்வோம். தமிழ் நாடெங்கும் பெயர்ப் பலகையில் காணும் 'முனியாண்டி விலாஸ்' ஹோட்டல்களின் பூர்வீகம் எங்கே? கள்ளிக்குடியை அடுத்த வடக்கம்பட்டி. அதுவும் மானாவாரிக் கிராமந்தான். 1930-களில் அங்கிருந்து புறப்பட்டவர்கள் வெளியூரில் சாப்பாட்டுக் கடை போட்டார்கள். அவர்களைப் பார்த்து உறவினர்களும் அண்டை அயலாரும் புறப்பட்டார்கள். இன்றைக்கும் தை, மாசி மாதங்களில் ஹோட்டல்காரர்கள் எல்லோரும் ஊர் திரும்பி, முனியாண்டி சாமிக்கு ஆட்டுக் கிடாயும் சேவலும் பலியிட்டு, அண்டா அண்டாவாகப் பிரியாணி சமைத்து, வந்தவர்களுக்கெல்லாம் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். நிலம் சோறு போடாதபோது, பிறருக்குச் சோறு போட்டே பிழைத்துக் காட்டியவர்கள் இவர்கள்.

*

இனி, இவ்வளவு சுற்றியதற்குக் காரணமான விஷயத்துக்கு வருவோம்.

சித்திரை, வைகாசி வெயிலில் அருப்புக்கோட்டைச் சாலைகளில் வேப்பமர நிழல் பார்த்துத் தள்ளுவண்டிகள் நிற்கும். வண்டியின்மேல் ஈரத்துணி சுற்றிய பெரிய பானை. அதில் கம்பங்கூழ். கம்பை இடித்து, கரைத்துப் புளிக்க வைத்து, களியாகக் கிண்டி, உருட்டி, தண்ணீரில் போட்டு வைத்து, மறுநாள் மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்தது. சுற்றிலும் சிறு கிண்ணங்கள். சின்ன வெங்காயம், மோர் மிளகாய், சீனியவரை வற்றல், மாங்காய்க் கீற்று. இந்தச் சீமைக்கே உரிய மிதுக்கு வற்றலும் சில வண்டிகளில் இருக்கும். அதன் கசப்பைப் பழகிக்கொண்டவர்களுக்கு மற்ற வற்றல்கள் குழந்தைப் பண்டமாகத் தோன்றும். கடைசியாக, தணலில் சுட்டெடுத்த கருவாடு. நெத்தலியோ, சாளையோ, வாளையோ, அன்றைக்குக் கிடைத்தது.

ஒரு செம்புக் கூழைக் குடித்து ஒரு துண்டுக் கருவாட்டைக் கடித்தபோதுதான் நமக்கு விஷயம் விளங்கிற்று. புளித்த தானியம், கெடாமல் காத்த மீன். சுஷியின் பூர்வோத்தரம் என்று மேலே சொன்னோமே, அது இதுவேயல்லவா? அவர்கள் மீனையும் சோற்றையும் ஒரே பாத்திரத்தில் மணம் முடித்தார்கள். நாம் இரண்டையும் தனித் தனியே வளர்த்து வாயில் மணம் முடிக்கிறோம். அங்கே மழை அதிகம். ஆகையால் மீனைச் சோற்றில் புதைத்தார்கள். இங்கே வெயில் அதிகம். ஆகையால் உப்பிட்டு மணலில் காயப்போட்டோம். கரிசல்காட்டுச் சம்சாரியின் வயிற்றில் அடிக்கிற அதே வெயில்தான், தூத்துக்குடி உப்பளத்தில் உப்பாக விளைகிறது. கடற்கரையில் கருவாடாகக் காய்கிறது. அந்தக் கருவாடு சந்தைக்கு வந்து சம்சாரியின் கூழுக்குத் துணையாகிறது. கெடுதல் செய்தவனே வந்து சமாதானம் பேசுவதுபோல் இருக்கிறது!

அப்படியானால், அவர்களுடைய தள்ளுகடைப் பதார்த்தம் உலகமெல்லாம் சுற்ற, நம்முடையது ஏன் வேப்பமர நிழலைவிட்டு நகரவில்லை? அருப்புக்கோட்டையில் உள்ள நல்ல ஹோட்டல்களில் ஏறிப் பாருங்கள். இட்டலி உண்டு, புரோட்டா உண்டு, பிரியாணி உண்டு. வடநாட்டுப் பன்னீரும் சீனத்து நூடுல்ஸும் உண்டு. ஆனால் அந்த ஊர் மண்ணில் விளையும் கம்பும் சோளமும் குதிரைவாலியும் இலைக்கு வருவது அபூர்வம். புரோட்டாவுக்குக் கோதுமை வடக்கேயிருந்து வரவேண்டும். சாப்பாட்டுக்கு அரிசி ஆற்றுப் பாசனச் சீமையிலிருந்து வரவேண்டும். பக்கத்துக் காட்டில் விளைந்த தானியம் மட்டும் வாசற்படி ஏறக்கூடாது!

இதற்காக ஹோட்டல்காரரைக் கோபிப்பதில் நியாயமில்லை. ஹோட்டலுக்குப் போகிறவனையும் கோபிக்கக்கூடாது. மூன்று தலைமுறையாகக் காலையிலும் மாலையிலும் கம்பங்கூழைக் குடித்தவனுக்கு, நெல்லுச்சோறு என்றால் தீபாவளி, பொங்கல். விருந்தாளி வந்தால் நெல்லுச்சோறு. காய்ச்சல் கண்டு தேறினால் நெல்லுச்சோறு. பண்ணையார் வீட்டில் தினமும் நெல்லுச்சோறு. தன் வீட்டில் தினமும் கூழ். அப்படிப்பட்டவன் நாலு காசு கையில் வந்ததும் ஹோட்டலில் போய்க் கூழ் கேட்பானா? வெள்ளைச் சோறும் வெள்ளைப் புரோட்டாவும் அவனுக்கு வெறும் ருசியல்ல. தானும் மனிதன் என்பதற்கு அத்தாட்சி. அதைக் கேலி செய்ய, வயிறு நிறைந்த நமக்கு அதிகாரம் கிடையாது.

பிறகு ரேஷன் அரிசி வந்தது. 2011-ஆம் வருஷத்திலிருந்து தமிழ் நாட்டில் அது விலையில்லாமலே கிடைக்கிறது. பஞ்சத்தையும் பட்டினியையும் கண்ட சீமையில் அது பெரிய தர்மம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் பக்க விளைவாகக் குதிரைவாலி வீட்டை விட்டு வெளியேறியது. அந்தத் தானியத்தின் உமியை நீக்குவது எளிதன்று. உரலில் போட்டுக் குத்திக் குத்திக் கை காய்த்துப்போன பெண்கள், இலவச அரிசி வந்ததும் உலக்கையைச் சுவரில் சாத்தினார்கள். அவர்கள் செய்தது முற்றிலும் சரி என்றே நாம் சொல்வோம். தானியத்தின் பெருமை பேசுகிற ஆண் பிள்ளைகள் அரை மணி நேரம் உலக்கை பிடித்துப் பார்க்கட்டும்!

ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிற்று. அந்த யோசனையை முன்வைத்தது இந்தியா. பிரசங்கங்கள் நடந்தன, கண்காட்சிகள் நடந்தன. திருச்சுழிக் காட்டில் விளைந்தது போன்ற குதிரைவாலி, உமி நீங்கி, பளபளப்பான பொட்டலத்தில் அடைபட்டு, சென்னைக் கடைகளில் உயர்ந்த அரிசியைவிட அதிக விலைக்கு விற்கிறது. டாக்டர் சொன்னதன் பேரில் சர்க்கரை வியாதிக்காரர்கள் வாங்கிச் செல்கிறார்கள். விளைவித்தவன் வீட்டில் ரேஷன் அரிசி. மருந்துக்கு வாங்குகிறவன் வீட்டில் குதிரைவாலி. இதில் யாருக்கும் ருசி இல்லை. ஒருவருக்கு விலையில்லாச் சோறு, மற்றவருக்குக் கஷாயம். தானியம் பிழைக்கவேண்டுமானால் மருந்தாகப் பிழைக்க முடியாது. சாப்பாடாகத்தான் பிழைக்கவேண்டும்.

ஜப்பானியரிடம் நாம் கற்கவேண்டியது இந்த இடத்தில்தான். ஏழையின் உணவு என்று அவர்கள் சுஷியை மறைத்து வைக்கவில்லை. உடம்புக்கு நல்லது என்று பிரசங்கம் செய்தும் பரப்பவில்லை. தேர்ந்த கைகள் அதன்மேல் சிரத்தை வைத்தன. சோறு எத்தனை பதத்தில் வேகவேண்டும், எந்தச் சூட்டில் பிடிக்கவேண்டும் என்று நூறு வருஷம் மல்லாடின. நம் பக்கத்திலும் அத்தகைய கைகளுக்குப் பஞ்சமில்லை. சேவு தேய்க்கும் கை இருக்கிறது. புரோட்டா வீசும் கை இருக்கிறது. வடக்கம்பட்டிக் கை இருக்கிறது. அந்தக் கைகளில் ஒன்று குதிரைவாலியை எடுத்துக்கொண்டு உட்காரவேண்டும். அது எந்தப் பதத்தில் உதிரும், எந்தக் குழம்புக்கு இணங்கும் என்று பார்க்கவேண்டும். கறிச் சால்னாவுக்கு அது அடங்குமா, கருவாட்டுக் குழம்போடு சேர்ந்தால் எப்படி என்பதெல்லாம் பிரசங்கத்தில் தெரியாது, அடுப்பில்தான் தெரியும். அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்தில் விவசாய சர்வகலாசாலையின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மானாவாரிப் பயிர்களை அங்கே ஆராய்கிறார்கள். விதைக்கு ஆராய்ச்சி நிலையம் உண்டு. வேகவைப்பதற்கு ஹோட்டல்தான் ஆராய்ச்சி நிலையம்.

*

இந்தச் சீமைக்குச் சாப்பாட்டு யாத்திரை புறப்படும் ரசிகர்களுக்குச் சில யோசனைகள் சொல்லி முடிக்கிறோம்.

ஒன்று: கண் முன்னால் செய்வதையே சாப்பிடுங்கள். சேவானால் அடுப்படியில், புரோட்டாவானால் கல்லடியில். படம் பிடிக்கவேண்டுமானால் சமையற்காரரின் கையைப் பிடியுங்கள், அது ஆறிப்போவதில்லை.

இரண்டு: தண்ணீரை வீணாக்காதீர்கள். குழாய்த் தண்ணீர் வெகு தூரத்து ஆற்றிலிருந்து வரவேண்டிய ஊர் இது. கேட்காமலே ஒரு தம்ளர் தண்ணீரை முன்னால் வைக்கிற கடைக்காரர், நமக்கு முதற் பதார்த்தத்தைப் பரிமாறிவிட்டார் என்று அர்த்தம்.

மூன்று: அந்தத் தம்ளரையும் கொஞ்சம் கவனியுங்கள். ஹோட்டலிலும் காப்பிக் கடையிலும் யாரையும் ஜாதியின் பேரால் தடுக்கக்கூடாது என்று 1950-இல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டம் சொல்கிறது. 1955-இல் தீண்டாமையைக் குற்றமாக்கித் தனிச் சட்டமும் வந்தது. அதற்குப் பிறகும் தமிழ் நாட்டுக் கிராமங்களில் இரட்டைத் தம்ளர் வைத்த டீக்கடைகளின் கதையை நாம் கேட்டிருக்கிறோம். அப்படிப்பட்ட கடையின் டீ எவ்வளவு மணமாக இருந்தாலும், அதற்கு ரசிகர் கொடுக்கவேண்டிய மதிப்பெண் பூஜ்யம். புரோட்டாக் கடைப் பெஞ்சில் நெசவாளியும் வண்டிக்காரரும் குமாஸ்தாவும் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்காருகிறார்களே, அதுதான் சால்னாவுக்கு முதல் மசாலா. ரமண மகரிஷி 1879-இல் திருச்சுழியில் பிறந்தவர். திருவண்ணாமலை ஆசிரமத்தில் விடியற்காலையில் தாமே சமையற்கட்டுக்குப் போய்க் காய் நறுக்குவார். பந்தியில் மற்றவர்களுக்கு இல்லாதது எதையும் தமக்கு மட்டும் பரிமாற விடமாட்டார். ருசியைத் துறந்தவர் என்று அவரைச் சொல்வார்கள். பந்தியின் ருசி எது என்று அறிந்தவர் என்று நாம் சொல்வோம்.

நான்கு: கூழ் வண்டிக்காரரிடம் பேரம் பேசாதீர்கள். சுஷிக் கடையில் பில்லைப் பார்த்து மூச்சு விடாமல் பணம் கொடுத்தவர்கள், வேப்பமரத்தடியில் ஐந்து ரூபாய்க்கு வாதாடுவதை நாம் பார்த்திருக்கிறோம். கம்பை இடித்து, புளிக்க வைத்து, கிண்டி, வெயிலில் வண்டி தள்ளி வந்த உழைப்பு எந்த மாஸ்டரின் உழைப்புக்கும் குறைந்ததன்று.

ஐந்தாவது யோசனைதான் முக்கியமானது. அருப்புக்கோட்டையில் எந்த ஹோட்டலில் ஏறி உட்கார்ந்தாலும், இலை போட்டதும், "குதிரைவாலிச் சோறு உண்டா? கம்பங்கூழ் உண்டா?" என்று கேளுங்கள். 'இல்லை' என்றுதான் பதில் வரும். பரவாயில்லை, இருப்பதைச் சந்தோஷமாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அடுத்த வாரம் இன்னொருவர் போய்க் கேட்கட்டும். பத்துப் பேர் கேட்கும் வரையில் பரிமாறுகிறவர் சிரிப்பார். பதினோராவது ஆள் கேட்கும்போது கல்லாவில் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். ஹோட்டல் முதலாளிகளுக்குத் தேசபக்தியில் ஏற்றக்குறைவு இருக்கலாம், கணக்கில் இராது. "இத்தனை பேர் கேட்கிறார்களே, ஒரு படி வாங்கி வேகவைத்துப் பார்த்தால் என்ன?" என்று அவருக்குத் தோன்றும். அந்த ஒரு படியை அவர் திருச்சுழிச் சந்தையில் வாங்குவாரானால், சம்சாரி ஒருவர் அடுத்த ஆவணியில் இன்னும் ஒரு குறுக்கம் நிலத்தில் குதிரைவாலி விதைப்பார்.

கேட்பதற்குக் காசு வேண்டியதில்லை. பசி இருந்தால் போதும்.